ஜேசானா, புரோட்டோபஃபா, ஆவ்ரோவா, ஆரோவா? மொழி விட்டு மொழி தரவு அனுப்ப எதை எடுப்பது

ஆர்டர் வாங்கும் சர்வர் ஜாவாவில் இருக்கிறது. கிடங்கு இருப்பைப் பார்க்கும் சேவை கோ மொழியில். மாதக் கடைசி அறிக்கை பைத்தானில். வாடிக்கையாளர் பார்க்கும் திரை பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்டில். நான்கும் பேசுவது ஒரே ஆர்டரைப் பற்றித்தான். ஆனால் ஜாவா ஆப்ஜெக்ட் மெமரியில் உட்கார்ந்திருக்கும் விதம் வேறு, பைத்தான் டிக்‌ஷனரி உட்கார்ந்திருக்கும் விதம் வேறு. ஒன்றை அப்படியே தூக்கி மற்றதற்குக் கொடுக்க முடியாது. நடுவில் எல்லோருக்கும் புரிகிற ஒரு பைட் வரிசை வேண்டும் (அப்படி மாற்றுவதற்குத்தான் சீரியலைசேஷன் என்று பெயர்). அந்த வரிசைக்கு எந்த வடிவம் என்பதுதான் கேள்வி.

தேடினால் முதலில் கண்ணில் படுவது வேகப் பட்டியல்கள்: இது அதைவிட இத்தனை மடங்கு வேகம் என்று. அதை வைத்து முடிவெடுத்தால் ஆறு மாதம் கழித்துத்தான் வலி தெரியும். முதலில் கேட்க வேண்டியது வேறு. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவார்களா? ஆர்டரில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்தால், பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் மறுமுனை என்ன செய்யும்? மொபைல் செயலி என்றால் பழைய பதிப்பு வருடக்கணக்கில் கையில் இருக்கும். காஃப்கா (செய்திகளைச் சேமித்து வரிசையாகத் தரும் அமைப்பு) என்றால் போன மாதம் எழுதிய செய்தியை இன்றைய நிரல் படிக்க வேண்டியிருக்கும். வடிவங்களுக்கு நடுவே உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வேகம் அதற்குப் பிறகு.

முதலிலேயே ஒரு பிரிவை ஒதுக்கிவிடலாம். பைத்தானின் பிக்கிள், ஜாவாவின் உள்ளமைந்த சீரியலைசேஷன், பிஎச்பி-யின் அன்சீரியலைஸ் மூன்றும் அந்தந்த மொழிக்கு மட்டுமே உரியவை. அது போக, வெளியிலிருந்து வரும் பைட்டுகளை இவற்றில் ஏற்றுவது, முகம் தெரியாதவர் கொடுத்த நிரலை ஓட்டுவதற்குச் சமம். பிக்கிள் கோப்பு தன்னை ஏற்றும்போதே எந்த ஃபங்ஷனையும் அழைக்க முடியும். ஜாவாவில் காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகம் வழியாக இதே ஓட்டை 2015-இல் பெரிய அளவில் வெளிப்பட்டது. எக்ஸ்எம்எல்-ஐப் பொறுத்தவரை, எதிராளி கேட்டால் கொடுங்கள் (யுபிஐ செய்திகள் இன்றும் எக்ஸ்எம்எல்-தான்). புதிதாகத் தொடங்கும் வேலைக்கு நாமாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரே ஆர்டர், ஐந்து உடுப்பு

பேச்சை விட்டு எண்ணிப் பார்ப்போம். இங்கே வரும் வடிவங்கள் ஒவ்வொன்றையும் கீழே தனித்தனியாகப் பார்க்கலாம். ஒரு சின்ன ஆர்டர்: ஐடி 300, சிட்டி "மதுரை", பெய்டு என்ற ஆம்/இல்லை ஃபீல்டு ஆம். ஃபீல்டு பெயர்கள் ஆங்கிலத்தில் முறையே இரண்டு, நான்கு, நான்கு எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஜாவாஸ்கிரிப்ட் இதை ஜேசானாக எழுதினால் 47 பைட். அதே ஆப்ஜெக்டைப் பைத்தானின் உள்ளமைந்த ஜேசான் நூலகம் எந்த அமைப்பையும் மாற்றாமல் எழுதினால் 67 பைட். இருபது பைட் எங்கிருந்து வந்தது? காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பிறகு பைத்தான் ஓர் இடைவெளி விடும், அது 5. மீதி 15 தமிழால் வந்தது. "மதுரை" என்பது யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. பைத்தான் ஆஸ்கி-க்கு வெளியே உள்ளதையெல்லாம் பின்சாய்கோடு போட்டு ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றிவிடும், அதனால் 30. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்; பிழை எதுவும் இல்லை. ஆனால் தமிழ்ச் செய்திகளைச் சேமிக்கும் தளம் ஒன்று இதைக் கவனிக்காமல் விட்டால் கொள்ளளவு இரட்டிப்பாகும், பதிவுக் கோப்பைத் திறந்தால் ஒரு சொல்லும் படிக்க வராது. பைத்தானில் என்ஷ்யூர்-ஆஸ்கி என்ற அமைப்பை அணைத்தால் போதும். பிஎச்பி-யிலும் இதே பழக்கம் உண்டு, அங்கும் அணைக்க வழி உண்டு.

மெசேஜ்பேக்கில் இதே ஆர்டர் 34 பைட். சிபாரிலும் 34. புரோட்டோபஃபில் 22. ஆவ்ரோவில் 19. ஃபிளாட்பஃபர்ஸில் எழுதினால் ஜேசானுக்குச் சற்றும் குறையாது. அது இடத்தை மிச்சப்படுத்த வந்ததல்ல.

புரோட்டோபஃபின் 22 பைட்டைப் பிரித்தால் அதன் இயல்பே விளங்கிவிடும். பைட்டுகளைப் பத்தடிமான எண்ணில் எழுதுகிறேன். முதலில் 8, 172, 2. இதில் 8 என்பது "ஃபீல்டு எண் 1, வகை 0": ஃபீல்டு எண்ணை எட்டால் பெருக்கி வகையைக் கூட்ட வேண்டும். 172-இல் 128 என்பது "இன்னும் இருக்கிறது" என்ற குறி, மீதி 44. அடுத்த பைட் 2, அதாவது 2 × 128 = 256. 256 + 44 = 300. அடுத்து 18, 15: ஃபீல்டு 2, வகை 2, நீளம் 15, பின்னாலேயே மதுரையின் 15 பைட். கடைசியாக 24, 1: ஃபீல்டு 3, மதிப்பு ஆம். ஐடி, சிட்டி என்ற பெயர்கள் எங்குமே இல்லை, எண்கள் மட்டும்தான் போகின்றன.

ஆவ்ரோ இன்னும் ஒரு படி மேலே போய் அந்த எண்களையும் எடுத்துவிடுகிறது. மதிப்புகள் மட்டும் வரிசையாகப் போகும். எது எது என்று தெரிய, எழுதியவரின் ஸ்கீமா (என்னென்ன ஃபீல்டு, என்ன வகை, எந்த வரிசை என்ற விவரம்) கையில் இருந்தே ஆக வேண்டும். அதனால் அந்த 19-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள்: காஃப்காவில் கன்ஃப்ளூயண்ட் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியோடு (ஸ்கீமாக்களைச் சேமித்து எண் கொடுக்கும் சேவை) அனுப்பினால் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு பூஜ்ஜிய பைட்டும் 4 பைட் ஸ்கீமா எண்ணும் ஏறும். ஆக 24.

ஆயிரம் ஆர்டர்களை ஒரே பட்டியலாக ஜேசானில் அனுப்பி ஜிசிப் முறையில் சுருக்கினால், திரும்பத் திரும்ப வரும் ஃபீல்டு பெயர்கள் கிட்டத்தட்டக் காணாமல் போகும். இணையம் வழியாகப் போகும் பதில்களுக்கு ஜிசிப் எப்படியும் இருக்கும். எனவே அளவு மட்டுமே காரணம் என்றால் ஜேசானை விட்டுப் போக அவசரம் வேண்டாம்.

ஜேசான்: எல்லோருக்கும் தெரியும், அதுதான் ஆபத்தும்

2006-இல் ஆர்எஃப்சி 4627, 2013-இல் எக்மா-404, 2017 டிசம்பரில் ஆர்எஃப்சி 8259 என்று தரம் எழுதப்பட்டது. இலக்கணம் ஒரே பக்கத்தில் அடங்கும். எந்த மொழியிலும் நூலகம் உண்டு. உலாவியின் நெட்வொர்க் பலகையில் கண்ணால் படிக்கலாம், பிழை தேடலாம். வெளியாருக்குக் கொடுக்கும் ஏபிஐ என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் இலக்கணம் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு மொழியும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. அடிக்கடி கடிக்கிற இடங்கள் இவை.

பெரிய எண்கள். ஜேசானில் எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஜேசானில் படிக்கும் எல்லா எண்ணும் 64 பிட் ஃபுளோட் (மிதவைப் புள்ளி எண்). 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் முழு எண்கள் துல்லியமாக நிற்காது. ஜாவா சர்வர் 9007199254740993 என்று அனுப்பினால் பிரவுசர் 9007199254740992 என்று படிக்கும். பிழைச் செய்தி வராது; வேறொருவரின் ஆர்டர் திறக்கும். ட்விட்டர் 2010-இல் பெரிய ஐடி-களுக்கு மாறியபோது, எண்ணோடு கூடவே சரமாகவும் ஐடி-யைத் தரத் தொடங்கியது இதற்காகத்தான். 64 பிட் ஐடி என்றால் மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்புங்கள், முதல் நாளிலிருந்தே. கோ மொழியும் இதில் சுத்தம் இல்லை: வகை சொல்லாத மேப்புக்குள் (பெயர்–மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) பார்ஸ் செய்தால், அதாவது பிரித்துப் படித்தால், எண்ணையெல்லாம் ஃபுளோட்64 ஆக்கிவிடும். ஸ்ட்ரக்ட் கொடுத்துப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

புது ஃபீல்டு. ஜேசான் நெகிழ்வானது, ஃபீல்டு சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜாவாவின் ஜாக்சன் 2 நூலகம் தெரியாத ஃபீல்டைக் கண்டால் பிழை எறியும், அதுதான் அதன் இயல்பு நிலை. ஸ்பிரிங் பூட் அதை அணைத்து வைத்திருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்சனைத் தனியாகப் பயன்படுத்திய ஒரு சின்னச் சேவை மட்டும், பைத்தான் பக்கம் ஃபீல்டு சேர்த்த நாளில் விழும்.

காலிப் பட்டியல். பிஎச்பி-யில் பட்டியலும் மேப்பும் ஒரே வகை. உள்ளே ஏதாவது இருக்கும்வரை சரியாக வரும். காலியானால் மேப்பு என்று நினைத்தது சதுர அடைப்பாக வெளியே போகும்; மறுமுனையில் ஜாவா "ஆப்ஜெக்டை எதிர்பார்த்தேன், பட்டியல் வந்தது" என்று நிற்கும். சோதனையில் காலித் தரவு இல்லாவிட்டால் இது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில்தான் தெரியும்.

நான் என்ற மதிப்பு, அதாவது "எண் அல்ல". ஜேசானில் அதற்கு இடமே இல்லை. பைத்தான் இருந்தாலும் எழுதிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் படிக்க மறுக்கும். எதிர்த்திசையில் ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அதை "நல்" (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து ஜேசான் ஸ்கீமா அல்லது ஓபன்ஏபிஐ விவரக் கோப்பு ஒன்றை எழுதி, இரு பக்கமும் சிஐ-யில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) சரிபார்ப்பது. அந்த ஒழுக்கத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிற அணிக்கு ஜேசானே கடைசிவரை போதும். பிடிக்க முடியாது என்று தோன்றினால், ஸ்கீமா கட்டாயமான வடிவத்துக்குப் போவது நேர்மையான முடிவு.

மெசேஜ்பேக், சிபார்: ஜேசானின் பைனரி உறவுக்காரர்கள்

இரண்டும் ஜேசானைப் போலவே ஸ்கீமா இல்லாதவை, ஃபீல்டு பெயர்களைச் சுமந்து செல்பவை. கூடுதலாகப் பைட் தொடர்களை நேராக வைக்கலாம். ஜேசானில் படத்தை பேஸ்64 ஆக்கி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமக்க வேண்டும். மெசேஜ்பேக்கில் பழைய சிக்கல் ஒன்று உண்டு: ஆரம்ப காலத்தில் சரத்துக்கும் பைட் தொடருக்கும் தனித்தனி வகை இல்லை. பழைய நூலகம் ஒரு முனையிலும் புதியது மறுமுனையிலும் இருந்தால், பெயர் பைட் தொடராக வந்து நிற்கும். சிபார் ஐஇடிஎஃப் தரம் (2013-இல் ஆர்எஃப்சி 7049, 2020-இல் ஆர்எஃப்சி 8949). ஒரே மதிப்புக்கு ஒரே பைட் வரிசை வரும்படி எழுதும் விதிகள் அதில் உண்டு, அதனால் கையொப்பமிட ஏற்றது. பாஸ்கீ-களின் (கடவுச்சொல் இல்லாத உள்நுழைவு) பின்னால் இருக்கும் வெப்ஆத்தன் தரம் சிபாரைத்தான் பயன்படுத்துகிறது. சின்ன மைக்ரோகண்ட்ரோலரோடு பேச வேண்டுமானால் சிபார். ரெடிஸ் போன்ற மெமரி டேட்டாபேஸில் கேஷ் வைக்க மெசேஜ்பேக். அதைத் தாண்டி இவற்றைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் வேண்டும்.

புரோட்டோபஃப்: எண்ணுக்குள் இருக்கிறது ஒப்பந்தம்

கூகுளுக்குள் பிறந்து 2008-இல் வெளியே வந்தது. வேலை முறை இது: புரோட்டோ கோப்பில் மெசேஜை எழுத வேண்டும், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும், புரோட்டோசி என்ற கம்பைலரை ஓட்டினால் ஜாவா, கோ, பைத்தான், சி++ என ஒவ்வொரு மொழிக்கும் கிளாஸ்கள் உருவாகும். புரோட்டோ கோப்புகளுக்குத் தனி கிட் களஞ்சியம் வையுங்கள். ஒவ்வொரு சேவையும் ஒரு நகலை வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதத்திலேயே நகல்கள் வேறு வேறு ஆகிவிடும். பஃப் என்ற கருவி, புதிய கோப்பு பழையதை உடைக்கிறதா என்று சிஐ-யில் பார்த்துச் சொல்லும். அதைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

1 முதல் 15 வரையிலான எண்களுக்கு அடையாளம் ஒரே பைட்டில் முடியும், 16 முதல் 2047 வரை இரண்டு பைட். எனவே எல்லாச் செய்தியிலும் வரும் ஃபீல்டுகளுக்கு முதல் 15-ஐ ஒதுக்குங்கள், பின்னால் தேவைப்படும் என்று ஒன்றிரண்டைக் காலியாகவும் விடுங்கள். எதிர்மறை எண் வரும் என்றால் இன்ட்32 வேண்டாம்: -1 என்ற ஒற்றை மதிப்பு 10 பைட் பிடிக்கும். எஸ்இன்ட்32 என்றால் ஒரே பைட். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபீல்டை இன்ட்32-இலிருந்து எஸ்இன்ட்32 ஆக மாற்றாதீர்கள். பைட் அமைப்பு வேறு, மதிப்புகள் குழம்பிவிடும்.

மிக மோசமான பிழை, நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி பயன்படுத்துவது. எண் 4-இல் தள்ளுபடி பைசா கணக்கில் இருந்தது, அதை நீக்கிவிட்டார்கள். பிறகு யாரோ "4 காலியாக இருக்கிறதே" என்று அளவு என்ற ஃபீல்டை அதில் போட்டார்கள். இரண்டும் முழு எண், பைட் வகை ஒன்றே. பழைய பதிப்பு சேவை 5000 பைசா தள்ளுபடி என்று அனுப்பியது, புதிய சேவையில் 5000 பெட்டி ஆர்டராகப் பதியும். எந்த நிலையிலும் பிழைச் செய்தி கிடையாது. நீக்கும்போதே ரிசர்வ்டு என்று அந்த எண்ணையும் பெயரையும் பூட்டிவிட வேண்டும்.

புரோட்டோபஃபின் புரோட்டோ3 இலக்கணத்தில் பூஜ்ஜியம், காலிச் சரம், "இல்லை" ஆகிய இயல்பு மதிப்புகள் அனுப்பப்படுவதே இல்லை. மேலே பார்த்த ஆர்டரில் பெய்டு "இல்லை" என்றால் கடைசி இரண்டு பைட் போகாது, செய்தி 20 பைட் ஆகிவிடும். "பணம் கட்டவில்லை" என்பதும் "தெரியவில்லை" என்பதும் வாங்குகிறவருக்கு ஒன்றாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய வேண்டிய ஃபீல்டுக்கு ஆப்ஷனல் என்று எழுதுங்கள். 2021-இல் வந்த 3.15 பதிப்பிலிருந்து அது முழுமையாக உண்டு.

இதே குணம் இன்னொரு இடத்திலும் வந்து கடிக்கும். புரோட்டோபஃப் செய்திக்குத் தொடக்கக் குறியும் இல்லை, முடிவுக் குறியும் இல்லை. ஒரு கோப்பிலோ சாக்கெட்டிலோ இரண்டு ஆர்டர்களை ஒட்டி ஒட்டி எழுதிவிட்டு மொத்தமாகப் பார்ஸ் செய்தால், பிழை வராது, ஓர் ஆர்டர் வரும். ஒரே ஃபீல்டு இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்தது நிற்கும் என்பது விதி. முதல் ஆர்டர் 300, பணம் கட்டியாயிற்று. இரண்டாவது 301, கட்டவில்லை. "இல்லை" என்பது அனுப்பப்படாது. கடைசியில் கையில் கிடைப்பது 301, பணம் கட்டியாயிற்று. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதுவதுதான் ஒரே வழி. ஜாவாவில் இதற்கென்றே டெலிமிட்டட் என்ற பெயரோடு ஃபங்ஷன்கள் உண்டு, அவை நீளத்தை மேலே பார்த்த அந்த 128 கணக்கிலேயே எழுதும். மறுமுனை நான்கு பைட் நிலை நீளத்தை எதிர்பார்த்தால் இரண்டும் ஒட்டாது. ஜிஆர்பிசி (சேவைகள் புரோட்டோபஃப் வழியாக ஒன்றையொன்று அழைக்கும் முறை) பயன்படுத்தினால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அங்கே வேறு வரம்பு: வாங்கும் செய்தி இயல்பாக 4 எம்பி வரைதான். அறிக்கையை ஒரே செய்தியாக அனுப்பப் போனால் முட்டும். வரம்பை உயர்த்துவதைவிட ஸ்ட்ரீமாகப் பிரித்து அனுப்புவது நல்லது. பிரவுசரிலிருந்து ஜிஆர்பிசி நேராகப் பேச முடியாது, நடுவில் ஜிஆர்பிசி-வெப் போன்ற ஒரு பாலம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பைத்தான்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உருவாக்கிய கிளாஸ் கோப்பின் பதிப்பும் இயங்கும் நூலகத்தின் பதிப்பும் பொருந்த வேண்டும். 2022-இல் 4.21 வந்தபோது, பதிப்பைப் பூட்டி வைக்காத ஏராளமான திட்டங்கள் ஒரே இரவில் இம்போர்ட் வரியிலேயே நின்றன. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

ஆவ்ரோ: செய்தி நாளை படிக்கப்படும் என்றால்

புரோட்டோபஃபும் ஆவ்ரோவும் போட்டியாளர்கள் போலத் தெரியும். உண்மையில் கேள்வி வேறு. இரண்டு சேவைகள் இப்போது பேசிக்கொள்கின்றன என்றால் புரோட்டோபஃப். இன்று எழுதிக் காஃப்காவிலோ ஹடூப்பிலோ (பெருந்தரவைச் சேமித்துக் கையாளும் அமைப்பு) போட்டுவைத்து, யார் யாரோ எப்போதோ படிப்பார்கள் என்றால் ஆவ்ரோ. ஹடூப் குடும்பத்தில் 2009-இல் அது பிறந்ததே அதற்காகத்தான். ஆவ்ரோ கோப்பு தன் தலைப்பகுதியிலேயே ஸ்கீமாவைச் சுமந்திருக்கும். கோப்பு ஒன்று கையில் இருந்தால் போதும், எதையும் கம்பைல் செய்யாமலே பைத்தானில் படித்துவிடலாம்.

படிக்கும்போது இரண்டு ஸ்கீமா வேலை செய்யும்: எழுதியவருடையது, படிப்பவருடையது. ஃபீல்டுகள் பெயரால் பொருத்தப்படும். படிப்பவரிடம் மட்டும் உள்ள ஃபீல்டுக்கு டிஃபால்ட் மதிப்பு இருந்தால் அது நிரப்பப்படும், இல்லாவிட்டால் பிழை. அதனால் எழுதப்படாத சட்டம்: சேர்க்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டிஃபால்ட் கொடு. "நல்" டிஃபால்ட் வேண்டுமென்றால் யூனியனில் (அந்த ஃபீல்டு ஏற்கும் வகைகளின் பட்டியல்) "நல்"-ஐ முதலில் எழுதுவதே பாதுகாப்பு. சரம் முதலிலும் நல் இரண்டாவதாகவும் எழுதிவிட்டு டிஃபால்ட் நல் என்றால் ஒரு நூலகம் ஏற்கும், இன்னொன்று மறுக்கும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தன்னிடம் உள்ள புதிய ஸ்கீமாவையே எழுதியவரின் ஸ்கீமாவாகவும் கொடுத்துப் படிப்பது. பைட்டில் அடையாளம் எதுவும் இல்லாததால், ஃபீல்டு வரிசை மாறியிருந்தால் அளவு விலையாகவும் விலை அளவாகவும் வரும். ரெஜிஸ்ட்ரி இருப்பது இதைத் தடுக்கத்தான். அதன் இயல்பு அமைப்பு பேக்வர்ட்: புதிய ஸ்கீமாவால் பழைய தரவைப் படிக்க முடிய வேண்டும். அப்படியென்றால் படிக்கிறவர்களை முதலில் புதுப்பிக்க வேண்டும், எழுதுகிறவரைப் பிறகு. உங்கள் வழக்கம் தலைகீழ் என்றால் ஃபார்வர்ட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரி பச்சைக்கொடி காட்டிய மாற்றமே மறுமுனையை உடைக்கும்.

ஃபிளாட்பஃபர்ஸ்: பார்ஸ் செய்யவே நேரமில்லை என்றால்

2014-இல் கூகுள் வெளியிட்டது, விளையாட்டுகளை மனதில் வைத்து. பைட்டுகளை ஆப்ஜெக்டாக மாற்றுவதே இல்லை. வேண்டிய ஃபீல்டை அந்த பஃபருக்குள்ளேயே போய்ப் படிக்கும். பெரிய கோப்பை மெமரியில் மேப் செய்து இரண்டு ஃபீல்டு மட்டும் படிக்க வேண்டியிருந்தால் இதற்கு ஈடில்லை. எழுதும் பக்கம்தான் சள்ளை: உள்ளே இருப்பதை முதலில் கட்டி, வெளியே இருப்பதைப் பிறகு கட்ட வேண்டும். வெளியிலிருந்து வந்த பஃபர் என்றால் சரிபார்ப்பியை ஓட்டாமல் தொடாதீர்கள், ஃபீல்டு இருக்கும் இடத்தைச் சுட்டும் எண் (ஆஃப்செட்) ஒன்று கெட்டிருந்தால் போதும், நிரல் விழும். கேப்டன் புரோட்டோவும் இதே வகை.

ஆரோ: ஆர்டராக அல்ல, அட்டவணையாகப் போகும்போது

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு ஆப்ஜெக்டாக அனுப்புவது. பத்து லட்சம் வரிசைகளை பைத்தானிலிருந்து ஆர் மொழிக்கோ, ஜாவாவில் ஓடும் ஸ்பார்க் பெருந்தரவு அமைப்பிலிருந்து பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸுக்கோ கொடுக்க வேண்டுமென்றால் இவை எதுவும் சரியல்ல. பத்து லட்சம் முறை ஃபீல்டு பிரித்து, பத்து லட்சம் பைத்தான் ஆப்ஜெக்ட் உருவாக்குவதில்தான் நேரம் போகும். அப்பாச்சி ஆரோ (2016) ஒவ்வொரு பத்தியையும் மெமரியில் தொடர்ச்சியாக அடுக்குகிறது. 64 பிட் எண் பத்தி என்றால் பத்து லட்சத்துக்கு 80 லட்சம் பைட். எது காலி என்று சொல்ல வரிசைக்கு ஒரு பிட், அதாவது 1,25,000 பைட். எல்லா மொழியிலும் இதே அடுக்கு. ஒரே புராசஸுக்குள் என்றால் நகலே எடுக்காமல் முகவரியை மட்டும் கைமாற்றலாம். ஸ்பார்க்கில் டேட்டாஃபிரேமைப் பாண்டாஸ் ஆக்கும்போது ஆரோ-வை இயக்கும் அமைப்பு தனியாக உண்டு, பைஸ்பார்க்கில் அதை ஆன் செய்ய மறக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது முனைகளில். ஆர் மொழியின் சொந்த முழு எண் 32 பிட்தான். பாண்டாஸில் முழு எண் பத்தியில் ஒரே ஒரு காலி இருந்தாலும் வழக்கமான மாற்றத்தில் பத்தி முழுவதும் ஃபுளோட் ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் பார்த்த அதே 53-ஆம் அடுக்குக் கதை இங்கும். ஐடி பத்திகளைச் சரமாக வைப்பது இங்கும் பாதுகாப்பு. வட்டில் நீண்ட நாள் வைக்க ஆரோ வேண்டாம், பார்க்கே (பத்தி பத்தியாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) போடுங்கள். எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் ஒரே மெஷினில், அளவு மிதம் என்றால் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு இந்தச் சர்ச்சையையே முடித்துவைக்கும். பலர் அதை யோசிப்பதே இல்லை.

அப்படியானால் எது

பிரவுசர், மொபைல், வெளி நிறுவனம்: ஜேசான், ஸ்கீமாவோடு. உள்ளே சேவைக்குச் சேவை, மூன்று மொழிக்கு மேல், தனித்தனி அணிகள்: புரோட்டோபஃப். காஃப்கா, தரவுக் கிடங்கு: ஆவ்ரோ. அட்டவணையாகப் பகுப்பாய்வு: ஆரோ. கையொப்பமிட்ட சின்னச் செய்தி, சென்சார்: சிபார். இரண்டே பேர் கொண்ட அணி, இரண்டே சேவை என்றால் எல்லாவற்றுக்கும் ஜேசான். புரோட்டோசி-யை பில்டில் இணைத்துப் பராமரிக்கும் உழைப்புக்கு அங்கே பலன் இல்லை. தொடக்கத்தில் சொன்ன நான்கு சேவைகளுக்கு: ஜாவா–கோ நடுவே புரோட்டோபஃப், பிரவுசருக்கு ஜேசான், பைத்தான் அறிக்கைக்கு ஆரோ அல்லது பார்க்கே. புரோட்டோபஃபுக்கு ஜேசான் வடிவமும் உண்டு என்பதால் முதல் இரண்டுக்கும் ஒரே புரோட்டோ கோப்பு போதும். அந்த ஜேசானில் 64 பிட் எண்கள் சரமாகத்தான் வரும், முன்பக்கக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வடிவமும் காப்பாற்றாத மூன்று

பணம். ஃபுளோட் எண்ணாக அனுப்பாதீர்கள். பைசாவில் முழு எண்ணாக அனுப்புங்கள், அல்லது சரமாக. ஆவ்ரோவில் டெசிமல் வகை உண்டு. புரோட்டோபஃபில் அடிப்படை வகையாக இல்லை.

நேரம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் மில்லிநொடியில் எண்ணும், பைத்தானும் கோ-வும் பெரும்பாலும் நொடியில். 1700000000 என்பது நொடி என்றால் 2023 நவம்பர். அதை மில்லிநொடியாகப் படித்தால் 1970 ஜனவரி 20. திரையில் 1970 தெரிந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், ஆயிரத்தால் பெருக்க மறந்திருக்கிறார்கள். ஃபீல்டு பெயரிலேயே அலகை எழுதுவது மலிவான மருந்து. சரமாக அனுப்பினால் +05:30 போன்ற நேர மண்டல வித்தியாசத்தோடு அனுப்புங்கள். ஜாக்சன் 2-இல் அமைப்பை மாற்றாவிட்டால் ஜாவாவின் நேர வகையான லோக்கல்டேட்டைம் ஆண்டு, மாதம், நாள், மணி என்று எண் பட்டியலாகப் போகும்.

எழுத்து. "மதுரை" கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் நீளம் 5. கோ-விலும் ரஸ்ட்டிலும் 15. "பெயர் 20-க்கு மிகக் கூடாது" என்று விவரக் கோப்பில் எழுதினால் எதில் 20 என்றும் எழுதுங்கள். அதைவிட நுட்பமானது "கொடைக்கானல்". முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. பைட்டில் ஒன்று 33, மற்றொன்று 36. ஒப்பிட்டால் சமமில்லை, மேப்பில் தேடினால் கிடைக்காது. எந்தச் சீரியலைசரும் இதைத் திருத்தாது, வந்த பைட்டை அப்படியே கடத்தும். தரவு உள்ளே நுழையும் முதல் சேவையிலேயே என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப்பட்ட இரு விதங்களையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள்.

கடைசியாக, வடிவத்தை முடிவு செய்த அன்றே ஒரு சோதனைக் கோப்புத் தொகுப்பு செய்துவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: 9007199254740993, -1, பூஜ்ஜியம், காலிப் பட்டியல், காலி மேப்பு, விடுபட்ட ஃபீல்டு, தெரியாத கூடுதல் ஃபீல்டு, இரண்டு விதக் கொடைக்கானல், ஓர் எமோஜி, +05:30 நேரம், ஒட்டி எழுதிய இரண்டு செய்திகள். ஒவ்வொரு மொழியும் இதைப் படித்து, திரும்ப எழுதி, அடுத்த மொழி அதைப் படிக்க வேண்டும். ஒப்பிடும்போது பைட்டை ஒப்பிடாதீர்கள், மதிப்பை ஒப்பிடுங்கள்: புரோட்டோபஃப் ஒரே ஆப்ஜெக்டுக்கு எப்போதும் ஒரே பைட் வரிசை தரும் என்று உறுதி சொல்வதில்லை, மேப்பு ஃபீல்டின் வரிசை மாறலாம். அதே காரணத்தால் அந்த பைட்டுகளின் ஹாஷை டேட்டாபேஸில் சாவியாக வைக்கவும் கூடாது.